15 வருடம் கழித்து வாசிக்க எந்த கிட்டார்?

15 வருடம் கழித்துத் திரும்ப வாசிக்கிறீர்கள், பழைய கிட்டாரில் எஃப் கார்டு பிடித்தாலே விரல் எரிகிறது, விலை குறைவாகப் புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விரலைக் குறை சொல்லாதீர்கள். கிட்டாரின் கழுத்தில், அதாவது நெக்கில், குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். முதலில் 12வது ஃப்ரெட்டுக்கும் அதன் மேலே போகிற தடித்த கம்பிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் என்றால் சரி. நான்கு இருந்தால் யார் அழுத்தினாலும் வலிக்கத்தான் செய்யும். இந்த வலியிலேயே பலர் வாசிப்பதை விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சிறு துண்டான சாடிலின் அடியைத் தேய்த்துக் கம்பியை இறக்கலாம்: ஒரு மில்லி தேய்த்தால் 12வது ஃப்ரெட்டில் அரை மில்லி குறையும். கூடவே மெல்லிய 11 கேஜ் கம்பி மாட்டுங்கள். நெக் வளையாமல் இருந்தால் பழையதே போதும்.

இல்லை, புதிதுதான் வேண்டும் என்றால் என் ஓட்டு யமஹா எஃப்எஸ்800க்கு. மேல்பலகை ஒட்டுப்பலகை அல்ல, முழு ஸ்ப்ரூஸ். அதே யமஹாவின் எஃப்ஜி800ஐ விட உடல் சிறியது, தோளைத் தூக்காமல் வாசிக்கலாம். நைலான் கம்பி கிட்டார் என்றால் விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் அதன் நெக் அகலம்.

வாங்கும் முன் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். எங்காவது கம்பி கிர்ரென்று இரைந்தால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.