இயக்கம் என்றால் என்ன? அதில் என்னென்ன வகை?

ஒரு பொருளின் நிலை, இன்னொன்றை வைத்துப் பார்க்கும்போது நேரத்தோடு மாறினால் அது இயக்கம். அந்த இன்னொன்றைச் சொல்லாவிட்டால் பேச்சுக்கே அர்த்தமில்லை. இலங்கை மலையகத்தில் நானுஓயாவிலிருந்து பதுளைக்குப் போகும் கோச்சியில் (ரயிலில்) உட்கார்ந்திருப்பவர், இருக்கையை வைத்துப் பார்த்தால் அசையவில்லை. வெளியே தேயிலைச் செடியை வைத்துப் பார்த்தால் ஓடுகிறார். இரண்டும் சரிதான்.

கோச்சி முன்னே போவது இடம்பெயர்தல், சக்கரம் அச்சில் சுற்றுவது சுழற்சி, கொக்கியில் தொங்கும் பை ஆடுவது அலைவு. அதே வழியில் உள்ள தெமோதரையில் பாதை வளைந்து, சுரங்கம் வழியாக ஸ்டேஷனுக்கே அடியில் போகிறது. அங்கே வேகம் மாறாவிட்டாலும் திசை மாறுகிறது; அதற்குத் தண்டவாளம் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும்.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கவே விசை, அதாவது தள்ளலோ இழுப்போ, வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இயக்கத்தை மாற்றத்தான் விசை. சமதரையில் சீராக ஓடும்போதும் எஞ்சின் இழுப்பது உராய்வையும் காற்றின் தடையையும் ஈடுகட்ட.