“அடிட்டிவ் ஊற்றினீர்கள், வாரண்டி கிடையாது”: யாரைக் கேட்பது?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். ஒரு கண்காட்சியில் எஞ்சின் ஆயிலில் கலக்கும் அடிட்டிவ் ஒன்றை விற்றார்கள். சுழலும் இரும்பு வளையத்தின் மேல் சின்ன உருளை ஒன்றை நெம்புகோலால் அழுத்திக் காட்டினார்கள். சாதாரண ஆயிலில் கிறீச்சென்று கத்தி மோட்டார் நின்றுவிட்டது. அவர்களுடைய திரவத்தை நாலு சொட்டு விட்டதும், எவ்வளவு அழுத்தியும் ஓடியது. “எஞ்சின் தேயவே தேயாது, மைலேஜ் 20 சதவீதம் கூடும்” என்றார்கள். இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றை ஊற்றினேன். மைலேஜ் கூடவில்லை. ஐந்தாவது மாதம் எஞ்சினில் தட்டும் சத்தம். பிரித்துப் பார்த்த சர்வீஸ் சென்டரில், பேரிங் போய்விட்டது, அடிட்டிவ் ஊற்றியதால் வாரண்டி கிடையாது என்கிறார்கள். விற்றவரோ, “கண்ணெதிரே காட்டித்தானே விற்றோம்” என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: முதலில் ஒரு அவசர வேலை. கழற்றிய பேரிங்குகளைத் தூக்கிப் போடக் கூடாது என்று சர்வீஸ் சென்டருக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். வடித்த ஆயில் இன்னும் இருந்தால், சுத்தமான புட்டியில் கொஞ்சம் வாங்கி, தேதி எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு சீல் வையுங்கள். பழைய பேரிங் குப்பைக்குப் போன பிறகு எந்த வக்கீலாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. சட்டத்தின் பெயரும் போக வேண்டிய மன்றமும் நாட்டுக்கு நாடு மாறும். அடிப்படை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான், அதைச் சொல்கிறேன்.

“கண்ணெதிரே காட்டினோம்” என்பது விற்றவருக்குச் சாதகமான வாதம் இல்லை. நீங்கள் பார்த்தது பொய் இல்லை, அந்த உருளை நிஜமாகவே ஓடியிருக்கும். ஆனால் அந்தக் கருவியில் உருளை வளையத்தைத் தொடுவது ஊசிமுனை அளவு இடத்தில். அங்கே அழுத்தம் பயங்கரமாக ஏறும். அந்த நிலையில் குளோரின் கலந்த சில ரசாயனங்கள் இரும்போடு சேர்ந்து வழுக்கும் படலமாகிவிடும். ஷாம்புவை ஊற்றி இதே கருவியை ஓடவைத்துக் காட்டியவர்களும் உண்டு. அதற்காக ஷாம்புவை எஞ்சினில் ஊற்றுவோமா? ஓடும் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே அபூர்வம். பம்ப் தள்ளும் ஆயில் படலத்தின் மேல் அது மிதக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் போன்ற, உரசல் வரும் இடங்களுக்கு வேண்டிய தேய்மானத் தடுப்பு ரசாயனம் நல்ல ஆயிலில் ஏற்கெனவே அளந்து கலக்கப்பட்டிருக்கிறது. மேலும், குளோரின் சேர்ந்த பொருள் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கக்கூடும். ஆய்வகத்தில் உங்கள் ஆயிலின் குளோரின் அளவைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையான காட்சியைக் காட்டி, அதிலிருந்து தவறான முடிவுக்கு வாங்குபவரைக் கொண்டுபோவதும் சட்டத்தின் பார்வையில் தவறான தகவல் தருவதுதான். மேசைமேல் என்ன நடந்தது என்பதோடு சட்டம் நிற்பதில்லை, உங்கள் மனதில் என்ன நம்பிக்கை விதைக்கப்பட்டது என்றும் பார்க்கும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1990-களிலும் அதற்குப் பிறகும் இப்படிப்பட்ட விளம்பரங்கள் மேல் நடவடிக்கை எடுத்திருக்கிறது. ‘ஸ்லிக் 50’ என்ற அடிட்டிவ் விவகாரம் 1997-இல் சமரசத்தில் முடிந்தது. ‘ஸீமேக்ஸ்’ என்ற இன்னொரு அடிட்டிவ் விற்றவர்கள் மேல் 2001-இல் போட்ட வழக்கு இன்னும் கவனிக்க வேண்டியது. ஆய்வகச் சோதனையில் அந்தப் பொருள் கலந்த ஆயில், வெறும் ஆயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் பேரிங்கை அரித்தது, அந்த முடிவை விட்டுவிட்டு அறிக்கையைக் காட்டினார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2003-இல் 10 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டார்கள்.

“விளம்பரத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வது சகஜம்” என்று விற்றவர் அடுத்துச் சொல்வார். ‘சூப்பர் ஆயில்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அது எடுபடும். 20 சதவீதம் என்று எண்ணைச் சொன்ன பிறகு எடுபடாது. குறிப்பான வாக்குறுதி வெறும் விளம்பரப் பேச்சாகாது என்று இங்கிலாந்தின் கார்லில் வழக்கில் 1892-லேயே தீர்ப்பாகிவிட்டது. அந்த 20 சதவீதத்துக்கு ஆதாரமான சோதனை அறிக்கையை நோட்டீஸ் அனுப்பிக் கேளுங்கள். பில், லேபிள், துண்டுப் பிரசுரம், கூட இருந்து பார்த்தவரின் பெயர் எல்லாம் சேரட்டும்.

சரி, வாரண்டிக்கு வருவோம். கையேட்டை எடுத்துப் பாருங்கள். அடிட்டிவ் சேர்க்கக் கூடாது என்று அதில் இருந்தால் உங்கள் நிலை கொஞ்சம் பலவீனம்தான். ஆனாலும் ஊற்றியதற்கும் பேரிங் போனதற்கும் என்ன தொடர்பு என்று வாரண்டி கொடுத்த கம்பெனியிடம் எழுத்தில் காரணம் கேட்கலாம். ஆயில் குறைந்தாலும், பம்ப் பழுதானாலும், ஆயில் போகும் துவாரம் அடைத்தாலும் பேரிங் போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விற்றவருக்கு அனுப்பும் நோட்டீஸில் “உங்கள் அடிட்டிவ்தான் எஞ்சினைக் கெடுத்தது” என்று அடித்து எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியைக் காட்டியே கம்பெனி தப்பித்துவிடும். மைலேஜ் வாக்குறுதியையும் பாட்டிலுக்குக் கொடுத்த பணத்தையும் தனியாகக் கேளுங்கள். அதற்கு எஞ்சின் கெட்டதை நிரூபிக்கவே வேண்டியதில்லை. எஞ்சின் செலவுக்கு இருவரையும் ஒரே மனுவில் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். அடிட்டிவ் காரணமென்றால் விற்றவர், இல்லையென்றால் கம்பெனி என்று மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள். தனித்தனியாகப் போனால் ஒருவரை ஒருவர் கைகாட்டி உங்களை அலைக்கழிப்பார்கள்.

அப்புறம், அந்த இரண்டாவது பாட்டில். அதைத் திறக்கவும் வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். தொகுதி எண் தெரியும்படி படமெடுத்து, சீல் உடையாமல் பூட்டி வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப அதுதான் வேண்டும்.