தீபாவளிக்கு வேண்டாம், ஒரு புதன்கிழமை வாருங்கள்

சிங்கப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஈசூனில் நான்கறை வீட்டில் இருக்கிறோம். எனக்கு 41 வயது. சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை, இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். போன தீபாவளிக்குத் தோழிகள் சேர்ந்து ஒரு முதியோர் இல்லத்துக்கு லட்டும் முறுக்கும் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்பே மூன்று குழுக்கள் வந்துபோயிருந்தன, மேசை நிறைய இனிப்பு. பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று தாதி சொன்னார். சங்கடமாகிவிட்டது. ஆனாலும் யாருக்காவது உதவ வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடைக்கும், பணம் அதிகம் கொடுக்க முடியாது. அன்றாடம் செய்யக்கூடியதாக என்ன இருக்கிறது? 12 வயது மகனையும் சேர்த்துக்கொள்ளலாமா?"

சகோதரி, முதலில் அந்தச் சங்கடத்தை விட்டுவிடுங்கள். தொண்டூழியர்களை ஒருங்கிணைக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அக்டோபர், நவம்பரில் எங்கள் தொலைபேசி ஓயாது. பிப்ரவரியில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அன்றைக்கு மூன்று பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்ட அதே தாத்தா அடுத்த புதன்கிழமை மதியம் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். எது குறைவாக இருக்கிறதோ அதைக் கொடுத்தால்தான் உதவி. அது என்னவென்று தெரிய, போய்க் கேட்க வேண்டும்.

உங்களிடம் இருப்பதில் இந்த ஊரில் மிகக் குறைவாகக் கிடைப்பது உங்கள் தமிழ். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, பத்து வருடத்துக்கு முன்பு அது 3.3. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் பல உங்கள் வட்டாரத்தில்தான் இன்னமும் இருக்கின்றன. பிரிட்டிஷார் 1971இல் தளத்தை விட்டுப்போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்கள். தாத்தா போய்விட்டிருப்பார், பாட்டி தனியாக இருப்பார், பிள்ளைகள் வேறு பேட்டையில். சந்தை மலாய் நன்றாக வரும், ஆனால் வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் ஆங்கிலத்தில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடிதம், நகர மன்றக் கட்டணம், மருத்துவமனை பில், மருந்தக நாள் மாற்றம். அவற்றை பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு வைத்திருப்பார்கள். பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வரும்போது காட்டலாம் என்று இருப்பார்கள், பிள்ளை வந்ததும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் களைத்து வந்திருக்கிறான் என்று காட்டாமலே விட்டுவிடுவார்கள்.

அந்த டப்பாவைத் திறந்து படித்துச் சொல்வது ஒரு மணி நேர வேலை. நான் பார்த்தவரைக்கும், இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான உதவி அதிகம் இல்லை. அவசரமானது எது, குப்பையில் போடலாம் என்பது எது என்று பிரித்தாலே பாதி பயம் போய்விடும். மருத்துவமனை பில் கட்ட முடியாத நிலை என்றால் பயந்துகொண்டு சந்திப்பையே தவிர்ப்பார்கள், அது மிகவும் ஆபத்து. அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். மெடிஃபண்ட் என்ற அரசாங்க மருத்துவ உதவி நிதி 1993லிருந்து இப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கிறது. வீட்டுச் செலவுக்கே கஷ்டம் என்றால் அரசாங்கத்தின் காம்கேர் உதவித் திட்ட எண் 1800-222-0000.

வீட்டுச் செலவுக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு இன்னொன்று. ஒரு வீட்டுக்கு ஒருவர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் மூலம் பெற வேண்டும், திறன்பேசி இல்லாதவர்கள் சமூக மன்றத்துக்கு அடையாள அட்டையோடு போனால் அங்கே உதவி செய்து அச்சிட்டும் தருவார்கள். இது தெரியாமல் கோட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடப் போய் உட்காருங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: அவர்களுடைய சிங்பாஸ் கடவுச்சொல், வங்கி அட்டை, ரகசிய எண், எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். "நீயே வச்சுக்கம்மா, எனக்கு மறந்துபோகுது" என்பார்கள், அன்போடுதான் சொல்வார்கள். நாளைக்கு ஐம்பது வெள்ளி குறைந்தால் அந்த அன்பு தாங்காது, அதோடு பழகியவரிடம் எண்ணைச் சொல்லலாம் என்ற பழக்கம் ஒரு மோசடிக்காரனுக்கும் வழி திறந்துவிடும்.

எப்படி ஆரம்பிப்பது? "ஏதாவது உதவி வேண்டுமா பாட்டி" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்மா" என்றுதான் பதில் வரும். நம் மூத்தவர்கள் கையேந்தக் கூசுவார்கள். மாமியாரை அழைத்துக்கொண்டு போய் நீங்கள் முதலில் ஒரு உதவி கேளுங்கள், வத்தக்குழம்புக்குப் பக்குவமோ, கறிவேப்பிலைச் செடி ஏன் வாடுகிறது என்றோ. அடுத்த வாரம் போனால் கதவு தானே திறக்கும். மூன்றாவது வாரம் டப்பா வெளியே வரும். அவசரப்பட்டு முதல் நாளே வீட்டைச் சுத்தம் செய்கிறேன், பழைய சாமான்களைத் தூக்கிப் போடுகிறேன் என்று இறங்கினால் அதோடு சரி. அப்புறம், படம் எடுக்கவே வேண்டாம், குழுவில் போடவும் வேண்டாம்.

மருத்துவமனைக்குத் துணையாகப் போவதாக இருந்தால் முதல் நாள் இரவே உட்கார்ந்து மருத்துவரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் வலி, எப்போதிலிருந்து, எந்த மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது உட்பட. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் மாதிரியான பெரிய விஷயங்களை நீங்கள் மொழிபெயர்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள், மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். "பயாப்சி" (சோதனைக்குத் திசு எடுப்பது) என்ற ஒரு சொல்லை அரைகுறையாகச் சொல்லி ஒரு குடும்பமே அழுததை நேரில் பார்த்திருக்கிறேன்.

நேரம் ஒதுக்காமலே செய்யக்கூடியதும் இருக்கிறது. உங்கள் தாழ்வாரத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் கோலம் போடும் வீடு எது, மாலையில் விளக்கு எரியும் வீடு எது என்று உங்களுக்கே தெரியும். கோலம் இல்லை, செருப்பு நேற்று கிடந்த மாதிரியே கிடக்கிறது, செடிக்குத் தண்ணீர் இல்லை என்றால் கதவைத் தட்டுங்கள். உள்ளே சத்தம் கேட்டும் திறக்கவில்லை, அல்லது பல நாளாக ஆளைக் காணவில்லை என்றால் போலீசின் 999ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். வீட்டில் இல்லாமல் மகள் வீட்டுக்குப் போயிருந்தால் நல்லதுதானே, யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை. தனியாக இருப்பவர் உடல் தளர்ந்துகொண்டே வருகிறார் என்று தோன்றினால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800-650-6060 எண்ணில் சொல்லுங்கள். பக்கத்திலுள்ள முதியோர் நடவடிக்கை நிலையம் எது, வீட்டுக்கு வந்து பேசிப் பழகும் நட்புச் சேவைக்கு யாரைக் கேட்பது என்றெல்லாம் அங்கே விளக்குவார்கள்.

மறதிநோய் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நோயில் பலருக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவும், தாய்மொழி அதிக காலம் நிற்கும். ஐம்பது வருடம் மலாயும் ஆங்கிலமும் பேசிய ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் வீட்டு உடையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்று தமிழில் மட்டும் ஏதோ கேட்பார். சுற்றி நிற்பவர்களில் அது புரிகிற ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். எதிரே போய், அவர் கண் மட்டத்துக்கு வந்து, மெதுவாக ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். "அம்மா வீட்டுக்குப் போகணும்" என்று எண்பது வயதுக்காரர் சொன்னால் அம்மா இல்லையே என்று திருத்தாதீர்கள், "அம்மா என்ன சமைப்பாங்க?" என்று பேச்சைத் தொடருங்கள், பதற்றம் இறங்கும். கையில் பெயர், தொலைபேசி எண் எழுதிய வளையம், பையில் முகவரித் துண்டு இருக்கிறதா என்று அவர் சம்மதத்தோடு பாருங்கள். இல்லையென்றால் 999. போலீஸ் வரும்வரை கூடவே நில்லுங்கள்.

உயிர் காக்கும் விஷயம் ஒன்று. குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி 2015லிருந்து இருக்கிறது. உங்களிடமிருந்து 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றுபோனதாக ஆம்புலன்ஸ் எண் 995க்கு அழைப்பு வந்தால் உங்கள் கைபேசிக்குத் தகவல் வரும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி பக்கத்தில் எங்கே இருக்கிறது என்றும் காட்டும். இதயம் நின்றபின் சிபிஆர் (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது, ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் பன்னிரண்டாவது மாடிக்கு மின்தூக்கி ஏறி வர நேரமாகும், பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வினாடியில் வந்துவிடுவார். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதை எழுத்தில் படித்து வராது, ஒரு வகுப்புக்குப் போய்ப் பொம்மையில் அழுத்திப் பழகுங்கள். பழகாவிட்டாலும் 995இல் பேசுபவர் படிப்படியாகச் சொல்லித்தருவார், கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு அவர் சொல்படி செய்யலாம்.

ரத்த தானம் செய்ய எடை 45 கிலோ இருக்க வேண்டும், பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12.5. நம் பெண்கள் பலர் இதில்தான் தடுக்கப்படுவார்கள், அது குறையில்லை, அதைச் சாக்காக வைத்து உங்கள் இரும்புச் சத்தைக் கவனியுங்கள். பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். உங்களுக்கு உட்லண்ட்ஸ் ரத்த வங்கி பக்கம். ஊருக்குப் போய் வந்திருந்தால் எங்கே, எப்போது என்று மறைக்காமல் சொல்லுங்கள், மலேரியா பகுதி என்றால் சில காலம் காத்திருக்கச் சொல்வார்கள். எலும்பு மஜ்ஜை தானத்துக்குப் பதிவு செய்ய 17 முதல் 49 வயது வரை இடமிருக்கிறது, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும். திசு வகை பெற்றோர் வழி வருவதால் ஒரே இனத்துக்குள்தான் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம், அதனால் இங்கே இந்தியர் ஒருவருக்கு நோய் வந்தால் பதிவேட்டில் இந்தியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அவருடைய நம்பிக்கை. கணவரிடம் பேசி, கூப்பிட்டால் நிச்சயம் போவேன் என்று முடிவு செய்த பிறகே பதியுங்கள். பொருத்தம் கிடைத்தபின் பின்வாங்குவது, காத்திருக்கும் அந்தக் குடும்பத்தைப் பாதியில் கைவிடுவதாகும்.

அப்புறம், தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் வெளிநாட்டு ஊழியர் தம்பிகள். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். சம்பளம் வராத தம்பிக்கு எங்கே போவது என்று தமிழில் சொல்ல ஆள் குறைவு. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறையாவது, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் வர வேண்டும், கணக்கு விவரத்தோடு சீட்டும் தர வேண்டும். வேலையில் இருக்கும்போது புகார் கொடுக்க ஒரு வருடம் அவகாசம், வேலையை விட்டபின் ஆறு மாதம்தான். முதலாளி "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று சொல்லிச் சொல்லி இந்த ஆறு மாதம் ஓடிவிடும். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண்ணை அவர் கைபேசியில் பதிந்து கொடுங்கள். நேரச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதலாளியிடம் நீங்களே போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள், அடுத்த நாள் அவதிப்படுவது அந்தத் தம்பிதான்.

பணம் திரட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்று வாட்ஸ்அப் செய்தி வந்ததும் மனம் பொறுக்காமல் நூறு பேருக்கு அனுப்பிவிடுவோம். வெளிநாட்டு அறக்காரியத்துக்காக இங்கே பொதுமக்களிடம் பணம் கேட்டால் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். தெரிந்த குடும்பம் என்றால் உங்கள் கையிலிருந்து கொடுங்கள்.

உங்கள் இரண்டு மணி நேரத்தை எப்படிப் போடலாம் என்று கேட்டால், வாரத்துக்கு ஒரு மணி நேரம் அந்தப் பாட்டி வீடு, மாதத்துக்கு ஒரு புதன்கிழமை மாலை நீங்கள் லட்டு கொண்டுபோன அதே இல்லம். கூச்சப்படாமல் கூப்பிட்டு, "தமிழ் பேசும் முதியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த நாளில் யாரும் வருவதில்லை?" என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குத் தவறாமல் வர முடியுமா என்று திருப்பிக் கேட்பார்கள், முடிந்தால் மட்டும் சரி சொல்லுங்கள். நீங்கள் வருவதாகச் சொன்ன நாளில் அந்தத் தாத்தா தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு காத்திருப்பார்.

மகனைத் தாராளமாக அழைத்துப் போங்கள். பள்ளியில் கணக்குக் காட்ட வேண்டிய மணி நேரமாக இதை ஆக்காதீர்கள். பாட்டி வீட்டில் கடிதத்தை ஆங்கிலத்தில் அவன் படிக்கட்டும், நீங்கள் தமிழில் சொல்லுங்கள், சில வாரம் கழித்து அவனையே சொல்லச் சொல்லுங்கள். தடுமாறுவான், தப்பாகச் சொல்வான், பாட்டியே திருத்துவார். இல்லத்தில் அவனுக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் போனால் கேரம் பலகையோ சீட்டுக்கட்டோ கையில் இருக்கட்டும். இன்று மாலை அவனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் ஏஇடி பெட்டி எங்கே இருக்கிறதென்று இருவருமாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.