லைசென்ஸ் போன பிறகு வகுப்பு: காவேரிப்பட்டணம் தம்பிக்கு

தம்பி, குடித்துவிட்டு பைக் ஓட்டிப் பிடிபட்டு, கோர்ட்டில் 10,000 கட்டி, லைசென்ஸும் மூன்று மாதம் போய், இப்போது வகுப்புக்கு வேறு வரச் சொல்கிறார்கள், மாம்பழக்கூழ் ஆலையில் லீவு கேட்டால் விஷயம் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள்.

வகுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 19ஆம் பிரிவில் 2019இல் செய்த திருத்தப்படி, ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். லீவுக்கு 'ஆர்டிஓ ஆபீஸ் வேலை' என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. அதுவரை வண்டியைத் தொடாதீர்கள். மறுபடி குடித்துவிட்டு ஓட்டிச் சிக்கினால் இரண்டு வருடம் வரை சிறையோ, 15,000 அபராதமோ, இரண்டுமோ, லைசென்ஸும் ரத்தாகும்.

"ஒரு குவார்ட்டர்தான், மோர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்" என்கிறீர்கள். நானும் அதே நம்பிக்கையில் தொப்பூர் கணவாயில் இறங்கியவன்தான், நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும். மோரோ எலுமிச்சையோ கல்லீரலை அவசரப்படுத்தாது. 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். உடம்பு மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். சட்ட வரம்போ 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ராத்திரி வெகுநேரம் குடித்தவர் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது ஊதினாலும் மாட்டலாம்.

அப்புறம், தினமும் குடிக்கிற ஆள் என்றால் ரோஷத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரை போகும். முதலில் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் போதை மீட்பு உதவி எண் 14446க்குப் பேசுங்கள், காசு கிடையாது.