மற்ற கோர்களை எழுப்புவது யார்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மேடம், என் லேப்டாப்பில் 8 கோர் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் எட்டும் சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடுமா?
– பொறியியல் மாணவி, கோவில்பட்டி

இல்லைம்மா. கோர் என்பது ப்ராசசருக்குள் நிரலைத் தனியாக ஓட்டும் ஒரு பகுதி. முதலில் ஓடுவது ஒன்றே ஒன்றுதான். இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களை வைத்துச் சொல்கிறேன். உங்கள் லேப்டாப்பில் இருப்பது அநேகமாக இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ரீசெட் ஆனதும் யார் முதலில் ஓடுவது என்பதை ஹார்டுவேரே முடிவு செய்துவிடும். அப்படி ஓடும் கோருக்கு பூட்ஸ்டிராப் ப்ராசசர் என்று பெயர். மீதி ஏழும் அப்ளிகேஷன் ப்ராசசர்கள்.

பூட்ஸ்டிராப் கோர் தன் முதல் கட்டளையை 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள முகவரியிலிருந்து எடுக்கும். அங்கே இருப்பது ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல். மற்ற ஏழும் "எங்கே ஆரம்பிப்பது" என்று யாராவது சொல்லும்வரை காத்திருக்கும். ஃபர்ம்வேர் அவற்றை ஒரு முறை எழுப்பி, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, கேஷ் (கோருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய, வேகமான மெமரி) தொடர்பான சில அமைப்புகளைச் செய்துவிட்டு மறுபடி நிறுத்தி வைத்துவிடும். அதன் பிறகு வரும் லினக்ஸ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி), மெமரி, இன்டரப்ட் (கோரின் கவனத்தை இழுக்கும் அழைப்பு), ஷெட்யூலர் (எந்த வேலை எப்போது ஓடும் என்று தீர்மானிப்பது) என்று தன் தொடக்க வேலையில் பெரும்பகுதியை அந்த ஒற்றைக் கோரை வைத்துத்தான் முடிக்கிறது. எத்தனை கோர்கள், ஒவ்வொன்றின் அடையாள எண் என்ன என்பதை ஃபர்ம்வேர் விட்டுச் சென்ற ஏசிபிஐ என்ற ஹார்டுவேர் விவர அட்டவணையில் படித்துக்கொள்ளும்.

எழுப்பும் முறைதான் எனக்கு எப்போதும் சுவையான இடம். ஒவ்வொரு கோரிலும் லோக்கல் ஏபிக் என்ற இன்டரப்ட் கன்ட்ரோலர் உண்டு. பூட்ஸ்டிராப் கோர் தன் ஏபிக் வழியாக மற்றதற்கு முதலில் 'இனிட்' செய்தி அனுப்பும். அது கோரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். அடுத்தது 'ஸ்டார்ட்அப்' செய்தி. அதில் முகவரிக்கு இருப்பது 8 பிட் இடம்தான். அந்த எண்ணை 4096-ஆல் பெருக்கினால் கோர் ஓடத் தொடங்க வேண்டிய முகவரி கிடைக்கும். 7 என்று அனுப்பினால் 28672-இல் தொடங்கும். அதாவது, தொடங்கும் இடம் எப்போதும் முதல் 1 எம்பிக்குள்தான். லேப்டாப்பில் 16 ஜிபி மெமரி இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

எழும் கோர் நிற்பது 1978-இல் வந்த 8086 சிப்பின் 16 பிட் உலகத்தில். 64 பிட் கெர்னலின் முகவரி எதுவும் அதற்கு எட்டாது. அதனால் கெர்னல், டிராம்போலின் என்ற ஒரு சின்ன நிரலை முதல் 1 எம்பிக்குள் முன்கூட்டியே நகலெடுத்து வைத்திருக்கும். கோர் அதில் காலை வைத்து 16 பிட்டிலிருந்து 32-க்கும், பேஜிங் என்ற மெமரி முகவரி மாற்றும் முறையை இயக்கி 64-க்கும் ஏறி, பிறகு உண்மையான கெர்னலுக்குள் குதிக்கும்.

உள்ளே வந்ததும் அதற்கு முதலில் வேண்டியது தனக்கென்று ஒரு ஸ்டாக், அதாவது ஃபங்ஷன்கள் திரும்பும் முகவரிகளை வைக்கும் மெமரிப் பகுதி. இரண்டு கோர்கள் ஒரே ஸ்டாக்கில் நின்றால் ஒன்றின் திரும்பும் முகவரியை மற்றது அழித்துவிடும். அப்புறம் "நான் வந்துவிட்டேன்" என்று அந்தக் கோரே மெமரியில் குறித்துச் சொல்ல வேண்டும். எழுப்பிய கோர் அதைப் பார்த்து "சரி, மேலே வா" என்று அனுமதி தரும். தன் கடிகார எண்ணி மற்ற கோர்களோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனையும் முடிந்த பிறகே 'ஆன்லைன்' பட்டியலில் அதன் பெயர் ஏறும். 10 விநாடிக்குள் அடையாளமே இல்லையென்றால் லினக்ஸ் அதை விட்டுவிட்டு மீதிக் கோர்களோடு நடக்கும். தாமதமாக வந்து சேரும் கோர் அனுமதியில்லாமல் உள்ளே நுழைய முடியாது. எழுப்பியவர் கேட்பதும் எழுந்தவர் சொல்வதுமான இந்த இருவழிப் பேச்சை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைய மற்ற கேள்விகளும் ஏறக்குறைய இதைத்தான் சுற்றி வருகின்றன.

கேள்வி: எக்ஸ்வி6 என்ற பாடக் கெர்னலின் பழைய எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) பதிப்பை மாணவர்களுக்கு நடத்துகிறேன். அதில் ஸ்டார்ட்அப் செய்தியை இரண்டு முறை அனுப்புகிறார்கள். ஒரு முறை போதாதா? நடுவில் தாமதம் எதற்கு?
– விரிவுரையாளர், ஈரோடு

வகுப்பில் அந்த வரி வரைக்கும் போகிறீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். இன்டெலின் மல்டிப்ராசசர் ஸ்பெசிஃபிகேஷன் விதித்த முறை அது. அதன் 1.4 பதிப்பு 1997-இல் வந்தது. இனிட் அனுப்பி 10 மில்லிவிநாடி பொறுக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட்அப், 200 மைக்ரோவிநாடி இடைவெளி, மறுபடி ஸ்டார்ட்அப். முதல் செய்தியிலேயே எழுந்துவிட்ட கோர் இரண்டாவதைக் கண்டுகொள்ளாது. முதலாவது போய்ச் சேராமல் போனால் இரண்டாவது காப்பாற்றும்.

எக்ஸ்வி6 நிரலில் உள்ள குறிப்பையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். இரண்டாவது செய்தி புறக்கணிக்கப்பட வேண்டியதுதான், ஆனால் இன்டெலின் அதிகாரபூர்வ முறையில் இருக்கிறது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தாமதம் செய்வதற்கான ஃபங்ஷனுக்குள் போய்ப் பாருங்கள், காலியாக இருக்கும்! எமுலேட்டரில், அதாவது ஹார்டுவேர் போல நடிக்கும் மென்பொருளில், ஓடுவதற்காக எழுதியது என்பதால் அது அங்கே பிரச்சினையில்லை. அசல் ஹார்டுவேரில் ஓட்ட நினைக்கும் மாணவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

10 மில்லிவிநாடி பழைய சிப்புகளுக்காக வந்தது. கோர் எண்ணிக்கை கூடக் கூட இது சேர்ந்துகொண்டே போகும்: 100 கோர் என்றால் 1 விநாடி வெறும் காத்திருப்பு. இன்றைய லினக்ஸ், புதிய இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் அந்தப் பொறுத்தலை விட்டுவிடுகிறது. பழைய சிப் என்றால் மட்டும் பொறுக்கும்.

கேள்வி: விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, 'நம்பர் ஆஃப் ப்ராசசர்ஸ்' பெட்டியில் டிக் போட்டு 8 என்று வைத்தால் கம்ப்யூட்டர் வேகமாக பூட் ஆகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?
– அரசு ஊழியர், விழுப்புரம்

வேண்டாம் சார். அந்தப் பெட்டி அதிகபட்ச வரம்பு வைப்பதற்கு. "நான்குக்கு மேல் எழுப்பாதே" என்று சொல்லிச் சோதித்துப் பார்க்க டெவலப்பர்களுக்குத் தேவைப்படும். டிக் போடாமல் விட்டாலே விண்டோஸ் எல்லாக் கோர்களையும் எழுப்பிவிடும். ஏற்கெனவே டிக் போட்டிருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். தவறுதலாக 2 என்று வைத்துவிட்டு, மெஷின் மெதுவாகிவிட்டது என்று புது ரேம் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூட் வேகத்துக்கு எஸ்எஸ்டி போடுங்கள், நல்ல பலன் தெரியும்.

கேள்வி: மேடம், எங்கள் கம்பெனிக்காகச் சிறிய கெர்னல் ஒன்றை நாங்களே எழுதுகிறோம். போர்டில் நான்கு கார்டெக்ஸ்-ஏ53 கோர்கள். முதல் கோர் நன்றாக ஓடுகிறது. மற்ற மூன்றும் சில நேரம் வருகின்றன, சில நேரம் வருவதில்லை. நடுவில் 5 விநாடி தாமதம் வைத்தால் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. அப்படியே விட்டுவிடலாமா?
– எம்பெடட் பொறியாளர், ஓசூர்

விடாதீர்கள் தம்பி. அந்த 5 விநாடி உங்களுக்கு ஒரு துப்பு கொடுக்கிறது, மருந்து வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் கார்டெக்ஸ்-ஏ53 சேர்ந்த ஆர்ம் ப்ராசசர் உலகத்தில் கோரை எழுப்ப இரண்டு வழி பரவலாக இருக்கிறது. ஒன்று பிஎஸ்சிஐ. "இந்தக் கோரை இந்த முகவரியில் ஓட்டு" என்று ஃபர்ம்வேரிடம் கேட்டால் அது பார்த்துக்கொள்ளும். மற்றொன்று ஸ்பின்-டேபிள். இதில் கோர்கள் ஏற்கெனவே எழுந்து, ஃபர்ம்வேர் வைத்த சின்ன லூப்பில் டபிள்யூஎஃப்ஈ கட்டளையில் உறங்கிக்கொண்டிருக்கும். மெமரியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே முகவரி எழுதி எஸ்ஈவி கட்டளையால் தட்டினால், கோர் கண்விழித்து அந்த இடத்தைப் படித்துக் குதிக்கும். ராஸ்பெர்ரி பை 3-க்கான டிவைஸ் ட்ரீயை, அதாவது போர்டின் ஹார்டுவேரை விவரிக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். நான்கு கோர்களுக்கும் 216, 224, 232, 240 என்ற முகவரிகள் எட்டு எட்டு பைட் தள்ளி இருக்கும். முதல் 4096 பைட்டை வேறு யாரும் தொடக்கூடாது என்று அதே ட்ரீயில் ஒதுக்கியும் வைத்திருப்பார்கள்.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் உங்களுடையது ஸ்பின்-டேபிள் என்று நினைக்கிறேன். இதே நோயை ஒரு போர்டில் என் கண்ணாலேயே பார்த்தேன். ஜேடேக் டீபக்கரை (சிப்புக்குள் எட்டிப்பார்க்கும் கருவி) மாட்டி முதல் கோர் வழியாக அந்த இடத்தைப் படித்தால் சரியான முகவரி தெரிந்தது. இரண்டாவது கோர் வழியாகப் படித்தால் பூஜ்யம். ஒரே இடம், இரண்டு பதில்! முதல் கோர் கேஷை இயக்கிவிட்டு எழுதியிருக்கிறது. எழுதியது கேஷிலேயே தங்கிவிட்டது, மெமரிக்கு இறங்கவில்லை. உறங்கும் கோரின் எம்எம்யூவும் (மெமரி முகவரிகளை மாற்றித் தரும் பகுதி) கேஷும் இன்னும் இயங்காததால் அது நேராக மெமரியைப் படிக்கிறது. அங்கே பழைய பூஜ்யம்தானே இருக்கும்?

5 விநாடி வைத்தால் ஏன் வருகிறது? அந்த நேரத்தில் முதல் கோர் வேறு எதையெதையோ படித்து எழுதுவதால் கேஷில் இடம் போதாமல் உங்கள் வரி தற்செயலாக வெளியே தள்ளப்பட்டு மெமரிக்குப் போய்விடுகிறது. நாளைக்கு உங்கள் நிரல் கொஞ்சம் மாறினால் தள்ளப்படாமலும் போகும். எங்கேயோ ஒரு ஃபேக்டரியில் திங்கட்கிழமை காலை மூன்று கோர் இல்லாமல் மெஷின் எழுந்து நிற்கும்.

செய்ய வேண்டியது இதுதான். முகவரியை எழுதியதும் அந்தக் கேஷ் வரியை மெமரி வரைக்கும் கிளீன் செய்யுங்கள். அடுத்து டிஎஸ்பி கட்டளை, அது முடியும்வரை நிற்பதற்கு. அதன் பிறகே எஸ்ஈவி. இந்த வரிசை மாறக்கூடாது. எழும் கோர் கேஷை இயக்கும் முன் படிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் இதே விதி: அதற்கான ஸ்டாக் முகவரி, பேஜ் டேபிள் முகவரி, எல்லாமே. லினக்ஸின் ஆர்ம்64 பகுதியில் ஸ்பின்-டேபிளுக்கென்றே ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம், எழுதுவதும் கிளீன் செய்வதும் தட்டுவதும் அந்த வரிசையிலேயே இருக்கும்.

அந்த லினக்ஸும் 5 விநாடி காத்திருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. எழுந்த கோர் தானே கைதூக்குவதற்காகக் காத்திருந்து, கைதூக்கிய நொடியே அடுத்ததுக்குப் போய்விடும். தூக்காவிட்டால் 'ஃபெயில்ட் டு கம் ஆன்லைன்' என்று லாகில் எழுதும். உங்கள் கெர்னலிலும் அப்படி வையுங்கள்.

கேள்வி: நூற்றுக்கணக்கான கோர் உள்ள சர்வர்களில் லினக்ஸ் கோர்களை ஒவ்வொன்றாகவா எழுப்புகிறது? ஒரே நேரத்தில் எழுப்பினால் என்ன?
– கிளவுட் நிர்வாகி, சென்னை

எக்ஸ்86-இல் வெகுகாலம் ஒவ்வொன்றாகத்தான் எழுப்பியது. காரணம் நிரலுக்குள்ளேயே இருந்தது. எழப்போகும் கோரின் ஸ்டாக் எங்கே என்பதை ஒரே ஒரு பொது மாறியில் எழுதிவைத்து எழுப்புவார்கள். அந்தக் கோர் அதைப் படித்து முடிக்கும்வரை அடுத்ததை எழுப்ப முடியாது. எழுப்பினால் இரண்டும் ஒரே ஸ்டாக்கில் வந்து நிற்கும்.

2023-இல் வந்த 6.5 பதிப்பில் இது மாறியது. டேவிட் உட்ஹவுஸ், தாமஸ் கிளைக்ஸ்னர் உள்ளிட்டவர்கள் பல சுற்று விவாதத்துக்குப் பிறகு கொண்டுவந்த மாற்றம். இப்போது எழும் கோர் சிப்பிடமே தன் ஏபிக் எண்ணைக் கேட்டுக்கொள்ளும். அதை வைத்து அட்டவணையில் தன் வரிசை எண்ணைத் தேடித் தன் ஸ்டாக்கைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆகவே எல்லாருக்கும் இனிட், ஸ்டார்ட்அப் செய்திகளை முதலிலேயே அனுப்பிவிடலாம். எல்லாம் எழுந்து தயாராகிக் காத்திருக்கும், பிறகு ஒவ்வொன்றாக உள்ளே அழைக்கலாம். ஓர் இடம் மட்டும் இன்னும் நெருக்கடி: டிராம்போலினில் உள்ள 16 பிட் ஸ்டாக் ஒன்றுதான். அதற்கு ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். ஒருவர் கடந்த பிறகே அடுத்தவர் போகலாம்.

சர்வரை ரீபூட் செய்யாமல் கெர்னலை மட்டும் மாற்றும் கேஎக்ஸெக் வேலைகளில் இந்த நேரச் சேமிப்பு நேரடியாகத் தெரியும். மேலே ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டுதானே இருக்கின்றன.

கேள்வி: ஒரு கோர் எழுவதை நானே கண்ணால் பார்க்க வழி உண்டா?
– பிளஸ் டூ மாணவர், தேனி

உண்டு தம்பி, செலவே இல்லாமல். லினக்ஸில் சிஸ் கோப்பகத்துக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வொரு கோருக்கும் ஒரு கோப்பகம் இருக்கும், அதற்குள் 'ஆன்லைன்' என்ற கோப்பு. ரூட் அனுமதியோடு மூன்றாம் எண் கோரின் கோப்பில் 0 என்று எழுதுங்கள். அதில் ஓடிய வேலைகளையும் இன்டரப்ட்டுகளையும் மற்ற கோர்களுக்குத் தள்ளிவிட்டு அது அணைந்துவிடும். திரும்ப 1 என்று எழுதினால் மேலே சொன்ன இனிட், ஸ்டார்ட்அப், டிராம்போலின் பயணம் முழுவதும் அந்த ஒரு கோருக்கு மறுபடி நடக்கும். கெர்னல் லாகை இன்னொரு விண்டோவில் திறந்து வைத்திருந்தால், எந்த ப்ராசசர், என்ன ஏபிக் எண் என்று ஒரு வரி அப்போதே வந்து விழும்.

பூஜ்யமாம் எண் கோரின் கோப்பகத்தில் அந்த ஆன்லைன் கோப்பு இருக்காது, தேடாதீர்கள். எக்ஸ்86-இல் பூட்ஸ்டிராப் கோரை அணைக்க விடுவதில்லை. வீட்டில் விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறதென்றால் விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் போட்டு அதற்கு 4 கோர் கொடுங்கள், அங்கேயும் இதே வரிகள் வரும்.