என் 6 வயது மகன் புதுச் சட்டை போட மறுக்கிறான், மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான். இது அடமா, பிரச்சினையா?

சட்டைக் கழுத்து லேபிளைப் பிய்க்கிறான், மிக்சி போட்டால் மாடிக்கு ஓடுகிறான், பாலில் ஆடை மிதந்தால் ஓங்கரிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் இருந்தால் நீங்கள் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

எனக்குத் தெரிந்தவரை இது அடமில்லை. தொடுவதும் சத்தமும் சிலருக்கு அளவுக்கு மீறி உறைக்கும், 'சென்சரி சென்சிட்டிவிட்டி' (புலன் கூருணர்வு) என்பார்கள். நான் டாக்டர் இல்லை. உங்கள் பையன் மாதிரியே வளர்ந்தவள், அவ்வளவுதான். ஊர் மதுரைப் பக்கம், வயது 41.

சித்தி கல்யாணத்தின்போது எனக்கு 9 வயது. புதுப் பட்டுப்பாவாடை, சட்டையின் கைவிளிம்பில் ஜரிகை. ஜரிகையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? காலையிலிருந்து யாரோ தேங்காய் நாரால் என் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பது மாதிரி இருந்தது. அந்த நிலையில் கையில் அட்சதைத் தட்டைக் கொடுத்து மேடையோரம் நிறுத்திவிட்டார்கள். தவில்காரர் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். ஐயர் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். அந்த அடி எனக்குக் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. இரண்டு கையும் தானாகக் காதுக்குப் போனது. தட்டு கீழே போனது. தரையில் கிடந்த அரிசியைப் பொறுக்கித்தான் பாதிப் பேர் மணமக்கள் மேல் போட்டார்கள். மாமா எல்லார் முன்னாலும் முதுகில் ஒன்று வைத்தார். இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "அட்சதையக் கொட்டுனவதானே நீ" என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறது.

என்னை அங்கிருந்து தூக்கிப் போனது அப்பத்தா. மண்டபத்துக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கிய அறை. மஞ்சப்பையிலிருந்து என் பழைய, சாயம் போன கவுனை எடுத்தாள். "தெரியும்டி, நீ எப்படியும் கழட்டிருவன்னு" என்றாள். கல்யாண ஆல்பத்தில் சாப்பாட்டுப் பந்திப் படம் முழுக்க நான் அந்தக் கவுனில்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு அது தீராத வருத்தம்.

எனக்குத் துணி எடுத்தால் முதலில் அப்பத்தா கைக்குத்தான் போகும். பிளேடால் லேபிளின் நூலை ஒவ்வொரு கண்ணாகப் பிரிப்பாள். வெட்ட மாட்டாள், வெட்டினால் ஓரம் ஊசி மாதிரி நிற்கும். பிரித்த இடத்தை விரலால் தடவி, பிறகு கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கன்னம் ஒப்புக்கொண்டால்தான் எனக்கு. அதற்கப்புறம் மூன்று முறை அலசிக் காயப்போடுவாள். அவள் கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை. அந்தக் காலத்து வழக்கம் என்று நினைத்திருந்தேன். கேட்டால் "அரிக்குதுடி" என்பாள். பெரியவளான பிறகுதான் அந்த ஒரு சொல்லை நான் யோசித்துப் பார்த்தேன்.

"இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் ஒரு பேரு வெச்சிடுறாங்க" என்று கருத்திட வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சட்டை எல்லாருக்கும்தான் உரசும். ஆனால் போட்ட கொஞ்ச நேரத்தில் உங்கள் மூளை அதை மறந்துவிடும். எங்களுக்கு மறக்காது, சாயங்காலம் கழற்றும்வரை அப்போதுதான் போட்ட மாதிரியே இருக்கும். இது நேற்று முளைத்த கதையும் இல்லை. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) 1972-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். அதே சமயம், இது இருந்தாலே ஆட்டிசம் என்று நீங்கள் பயப்படவும் வேண்டாம். 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள், உண்மைதான். அந்த ஒன்றை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. எனக்கு ஆட்டிசம் இல்லை என்றுதான் என்னைப் பரிசோதித்தவர்கள் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. மே மாத ஸ்பெஷல் கிளாசுக்கும் டை, ஷூ, நைலான் சாக்ஸ் கட்டாயம். மதுரை வெயிலில் எந்தப் பிள்ளைக்கு டை வேண்டும்? அதிலும் மூன்று வருஷத்தில் இரண்டு முறை டையில் இருக்கும் கோடுகளை மாற்றினார்கள், பழையது செல்லாது. புதியதைப் பள்ளிக்குள் இருந்த கடையில்தான் வாங்க வேண்டும், வெளியே பாதி விலை. அப்பா கடன் வாங்கி ஃபீஸ் கட்டிய வருஷத்தில்தான் இதுவும் நடந்தது. சரி, உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

இப்போது எப்படிச் சமாளிக்கிறேன் என்றால், பாதி நேரம் சமாளிப்பதே இல்லை, தப்பித்துக்கொள்கிறேன். கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்கு எதிர் மூலையில் உட்காருவேன். கைப்பையில் காதுக்கு வைக்கும் நுரை அடைப்பான் இருக்கும். பட்டுச் சேலைக்கும் பருத்தி ரவிக்கைதான். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன்: நானே மிக்சியைப் போட்டால் அவ்வளவு வலிப்பதில்லை. திடீரென்று வருவதுதான் ஆகாது. அம்மா இதைத் தானாகக் கண்டுபிடித்து "மிக்சி போடப்போறேன்" என்று கத்திவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவாள். நீங்களும் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் சுவிட்சை அவன் கையிலேயே கொடுங்கள். பாலை வடிகட்டிக் கொடுங்கள், அதனால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது.

சாப்பாடு, தூக்கம், படிப்பு என்று எல்லாவற்றையும் இது தின்கிறது என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். தனியாரில் ஒவ்வொரு முறைக்கும் பணம் கரையும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் டி.இ.ஐ.சி எங்கே என்று விசாரியுங்கள், குழந்தைகளுக்கான தொடக்கநிலைச் சிகிச்சை மையம் அது. 18 வயதுவரை பார்ப்பார்கள், காசு கிடையாது. கூட்டமும் டோக்கன் கூப்பிடும் சத்தமும் இருக்கும், அதனால் பையனுக்குக் காதில் பஞ்சு வைத்து, பழைய சட்டையே போட்டுக் கூட்டிப்போங்கள்.