வீட்டிலேயே 'டிங்-டாங்' காலிங் பெல் சர்க்யூட் செய்ய முடியுமா? எந்த ஐ.சி. நல்லது?

தாராளமாக முடியும். சால்டரிங் பழகாதவர்கூட பிரெட்போர்டில் (பாகங்களைச் செருகியே இணைக்கும் துளைப்பலகை) ஒரு மாலைக்குள் ஓசை வரவைத்துவிடலாம். எங்கள் வீட்டு வாசலில் இப்போது ஒலிப்பது 555 என்ற டைமர் ஐ.சி.யை வைத்து நானே செய்த சர்க்யூட்தான். அதனால் அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

கடையில் கேட்டால் பெரும்பாலும் யூ.எம். 66 என்ற மெலடி ஐ.சி.யைக் கொடுப்பார்கள். பார்க்க டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று கால்களோடு இருக்கும். வாழ்த்து அட்டையைத் திறந்தால் பாடுமே, அந்த வகை. உள்ளே 64 ஸ்வரங்கள் பதிந்திருக்கும். இரண்டு பென்சில் செல், ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர், ஒரு ஸ்பீக்கர், வேலை முடிந்தது. 9 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் மட்டும் போய்விடும், 3 வோல்ட்தான் அதற்கு. வேலை சுலபம், ஆனால் கற்றுக்கொள்ள அதில் எதுவும் இல்லை. பாட்டை மாற்ற முடியாது, சுருதியை உங்கள் விருப்பத்துக்கு அமைக்கவும் முடியாது. 555-ல் ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் அந்த மாற்றம் உடனே காதில் விழும். முதல் சர்க்யூட்டாக 555-ஐத்தான் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

555-ஐ வடிவமைத்தவர் ஹான்ஸ் கேமன்சிண்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக 1971-ல் வடிவமைத்தார், 1972-ல் விற்பனைக்கு வந்தது. ஐம்பது ஆண்டு தாண்டியும் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

முதலில், கம்பி அடிக்கும் பழைய மணியில் டிங்-டாங் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். சுவிட்சை அழுத்தினால் காந்தச்சுருள் ஓர் இரும்புத் தண்டை இழுத்து ஒரு உலோகப் பட்டையில் மோதவைக்கும், அது டிங். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அந்தத் தண்டைத் திருப்பித் தள்ளி மறு பட்டையில் மோதவைக்கும், அது டாங். ஆக, அழுத்தும்போது ஒரு ஸ்வரம், விட்டபின் அதைவிடக் கீழே ஒரு ஸ்வரம். 555-ஐயும் இதையே செய்ய வைக்க வேண்டும். விட்ட பிறகும் சற்று நேரம் ஒலித்துவிட்டு, அதுவாகவே அடங்கவும் வேண்டும்.

இணைப்பைச் சொல்கிறேன், பேப்பரில் வரைந்துகொண்டே படியுங்கள். 8-வது கால் பிளஸ் 9 வோல்ட், 1-வது கால் கிரவுண்ட். பிளஸ்ஸிலிருந்து 47 கே (கிலோ ஓம்) பிரீசெட் (ஸ்குரூ டிரைவரால் திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்), அதன் மறுமுனையிலிருந்து 22 கே ரெசிஸ்டர், அது போய்ச் சேர்வது 7-வது கால். 7-க்கும் 6-க்கும் நடுவே 33 கே. 6-ஐயும் 2-ஐயும் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 0.022 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் (மேலே 223 என்று அச்சிட்டிருக்கும்). 5-வது காலிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோ ஃபாரட். 3-வது காலிலிருந்து 33 ஓம் ரெசிஸ்டர், அடுத்து 100 மைக்ரோ ஃபாரட், பிறகு 8 ஓம் ஸ்பீக்கர், அதன் மறுமுனை கிரவுண்ட். அந்த 33 ஓமை விட்டுவிடாதீர்கள். 555 அதிகபட்சம் 200 மில்லி ஆம்பியர்தான் தாங்கும், 8 ஓம் ஸ்பீக்கர் அதைவிட அதிகம் இழுக்கும். 8-க்கும் 1-க்கும் குறுக்கே இன்னொரு 100 மைக்ரோ ஃபாரட் போடுங்கள்.

மிச்சமிருப்பது சுவிட்சும் 4-வது காலும். சூட்சுமம் முழுக்க இங்கேதான். 4-வது கால் ரீசெட். அதில் வோல்டேஜ் சுமார் 0.7-க்குக் கீழே இருந்தால் 555 வாய் திறக்காது. அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் 4.7 கே ரெசிஸ்டரும் ஒன்றுக்கொன்று இணையாக (பேரலல்) வரும். சுவிட்சின் ஒரு முனை பிளஸ்ஸில். மறுமுனையிலிருந்து இரண்டு டயோடுகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுபவை) கிளம்பும். ஒன்று 1என்4007, அது 4-வது காலுக்குப் போகிறது. இன்னொன்று 1என்4148, அது பிரீசெட்டும் 22 கே-யும் சேரும் இடத்துக்குப் போகிறது. இரண்டிலும் கோடு போட்ட முனை சுவிட்சை விட்டு விலகியிருக்க வேண்டும்.

அழுத்தினால் 220 மைக்ரோ ஃபாரட் நிரம்பி 4-வது கால் உயர்கிறது, ஓசை பிறக்கிறது. அதே நேரம் மற்ற டயோடு பிரீசெட்டைத் தாண்டி மின்சாரத்தைக் கொண்டுபோவதால் சுருதி மேலே நிற்கும். விட்டதும் பிரீசெட் கணக்கில் சேர்கிறது, சுருதி இறங்குகிறது. கெபாசிட்டர் 4.7 கே வழியாக வடிய இரண்டரை விநாடி போல ஆகும், அதுவரை டாங். இரண்டு டயோடுகளுக்கும் வேலை உண்டு. 1என்4148 இருக்கும் இடத்தில் வெறும் கம்பி போட்டால் பிரீசெட் வழியாகவே 4-வது காலுக்கு மின்சாரம் கசிந்துகொண்டிருக்கும், மணி ஓயாது. 1என்4007-க்குப் பதில் கம்பி போட்டால் கெபாசிட்டரில் உள்ளது பின்வழியாக வந்து சுருதியை மெல்ல வழுக்கச் செய்யும்.

பல வரைபடங்களில் 4-வது காலில் 47 கே போட்டிருப்பார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண 555-ன் ரீசெட் கால் தானே சுமார் 0.1 மில்லி ஆம்பியரை வெளியே தள்ளக்கூடியது. பெரிய ரெசிஸ்டர் இருந்தால் அந்தச் சிறு மின்சாரமே காலை 0.7-க்கு மேல் தூக்கிவைத்துவிடலாம். ரெசிஸ்டரைச் சிறிதாக்கி, கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் 555 ஒழுங்காக அடங்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேட்டுப் பழகிய டிங்-டாங் இடைவெளி நம் இசையில் அந்தர காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்குவது. அதிர்வெண் விகிதம் 5-க்கு 4. ரெசிஸ்டர் கணக்கில் பிளஸ்ஸுக்கும் 7-வது காலுக்கும் நடுவே உள்ளவை ஒரு பங்கு, 33 கே மட்டும் இரண்டு பங்காக வரும். அழுத்தும்போது 22-உம் 66-உம் சேர்ந்து 88. விட்டபின் 110 ஆனால் விகிதம் சரியாக 5-க்கு 4. அப்படியானால் பிரீசெட்டுக்குப் பதில் 22 கே போதுமே என்று தோன்றும். போட்டுக் கேட்டால் இடைவெளி குறுகி, மந்தமாக இருக்கும். காரணம் டயோடு. அது அரை வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடுவதால் கெபாசிட்டர் கொஞ்சம் மெதுவாக நிரம்பி, டிங் இறங்கிவிடுகிறது. 9 வோல்ட்டில் பிரீசெட்டை 30 கே பக்கம் கொண்டுபோனால் சரியாகும். அதனால்தான் அங்கே ரெசிஸ்டர் போடாமல் பிரீசெட் போடச் சொன்னேன். என் மகள் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். ஸ்குரூ டிரைவரை அவளிடம் கொடுத்தேன், டாங்கை ஷட்ஜமாகப் பிடித்துப் பாடியபடியே திருப்பினாள். மீட்டரோடு நான் உட்கார்ந்து செய்திருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

ஓசை சன்னமாகக் கேட்டால் சர்க்யூட்டைக் குறை சொல்லாதீர்கள். வெறும் ஸ்பீக்கரில் முன்பக்கக் காற்றலையும் பின்பக்கக் காற்றலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு மரப்பெட்டியிலோ கனமான பிளாஸ்டிக் டப்பாவிலோ பொருத்தினால் அடுத்த அறை வரை கேட்கும்.

பேட்டரி வேண்டாம். சாதாரண 555 சும்மா இருக்கும்போதே சில மில்லி ஆம்பியர் தின்னும், ஒரு 9 வோல்ட் பேட்டரி சில நாளில் காலி. 9 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் அடாப்டர் போதும்.

அடாப்டர் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், 400 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டு 230 வோல்ட்டை இறக்கும் வரைபடங்கள் நிறைய சுற்றுகின்றன. செலவு குறைவு என்று அதைக் காலிங் பெல்லுக்குச் செய்யாதீர்கள், தயவுசெய்து. அந்தச் சர்க்யூட்டில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் மெயின்ஸைத் தொட்ட மாதிரிதான். கேட்டில் இருக்கும் சுவிட்ச் மழையில் நனையும். அதை அழுத்துவது பால்காரர், கூரியர் பையன், எதிர்வீட்டுக் குழந்தை. ஈர விரலுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பொத்தான் மட்டுமே இருக்கக்கூடாது. இப்போதே மெயின்ஸில் ஓடும் பெல் இருக்கிறவர்கள்கூட இந்த ஒரு காரணத்துக்காகவே 9 வோல்ட்டுக்கு மாறலாம். பழைய சுவிட்சையே பயன்படுத்துவதானால், அதற்குப் போகும் மெயின்ஸ் வயரை எலெக்ட்ரீஷியனை வைத்து முழுவதுமாகக் கழற்றிய பிறகு, தனி வயர் இழுங்கள்.

செய்து முடித்து ஓசையே வராவிட்டால், பொத்தானை அழுத்தியபடி 4-வது காலை மீட்டரில் பாருங்கள். 8 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 1என்4007 திரும்பிப் பொருந்தியிருக்கிறது. மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் 1என்4148-ஐத் திருப்பிப் போடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஒரே சுருதிதான் வருகிறதென்றால், பிரீசெட் சுழி நிலையில் இருக்கும், கொஞ்சம் திருகிப் பாருங்கள்.